பற்றும் பரிவும்

இன்றைய அல்ஜீரியா நாட்டின் வடகிழக்குப் பகுதியில், மலைகளுக்கிடையே, சூக் அஹ்ராஸ் என்றோர் ஊர் இருக்கிறது. ரோம சாம்ராஜ்யம் ஆப்பிரிக்கக் கரையையும் ஆண்டுகொண்டிருந்த நாளில் அதற்குத் தகாஸ்தே என்று பெயர். நாலாம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த நடுத்தரக் குடும்பம் ஒன்றைப் பற்றி, அக்காலத்து மன்னர் பலரைப் பற்றித் தெரிவதைக் காட்டிலும் நமக்கு அதிகமாகவே தெரிகிறது. அவ்வீட்டு மகன் பிற்காலத்தில் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராகி, 397ஆம் ஆண்டையொட்டித் தம் வாழ்க்கையைச் சர்வேசுரன் சந்நிதியில் ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கும் ஒரு நூலை எழுதத் தொடங்கினார் என்பதே அதற்குக் காரணம். அவர்தாம் அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீனார். பதின்மூன்று பாகங்கள் கொண்ட 'அறிக்கைகள்' என்னும் அந்நூலின் ஒன்பதாம் பாகத்தில் அவர் தம் தாயார் மோனிக்கம்மாளின் சரித்திரத்தைச் சொல்கிறார். குடும்பத்தாரிடம் காருண்ய சிந்தையோடு வாழ்வது கிறிஸ்துவ விசுவாசத்தில் எத்தன்மையது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஒரு சரித்திரத்தை நான் அறியேன்.

குடும்ப பாசத்தைப் பற்றிக் கிறிஸ்துவ வேதம் பேசும் பேச்சு, மேலெழுந்தவாரியாகப் படிப்பவருக்கு ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றும். கொலோசை நகரத்துச் சபைக்கு எழுதிய அர்ச். பவுல், இரக்கத்தையும் தயவையும் மனத்தாழ்மையையும் ஆடையாக உடுத்திக்கொள்ளச் சொல்லி, அடுத்த சில வரிகளிலேயே கணவர் மனைவியிடம் கசப்புக் காட்டலாகாது, தந்தையர் பிள்ளைகளின் மனத்தை ஒடித்துவிடலாகாது என்று வீட்டுக்குள் வந்துவிடுகிறார். சிலுவையில் தொங்கிய நிலையிலும் கிறிஸ்துநாதர் தம் தாயாரைச் சீஷர் ஒருவரிடம் ஒப்புவித்தார். ஆயினும் அதே கிறிஸ்துநாதர், தாய் தந்தையரையும் மனைவி மக்களையும் தமக்குப் பின்னால் வைக்காதவன் தம் சீஷனாக இருக்க முடியாதென்று கண்டிப்பாகச் சொல்லியும் இருக்கிறார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால், உறவை அறுக்கச் சொல்வது அவ்வேதத்தின் கருத்தன்று என்பதும், உறவினர் நம் உடைமை என்னும் எண்ணத்தைக் கைவிடச் சொல்வதே அதன் கருத்து என்பதும் விளங்கும். பற்று, 'இவன் என்னுடையவன்' என்று பிடித்துக்கொள்கிறது. பரிவு, இவன் தேவனுடையவன் என்று அறிந்து அவனுக்காகத் துன்புறுகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழி நீண்டது. மோனிக்கம்மாள் அவ்வழியைத் தம் ஆயுள் முழுவதும் நடந்தார்.

அவருடைய கணவர் பத்ரீசியுஸ் கிறிஸ்துவர் அல்லர். நகரசபை உறுப்பினர், சிறிது நிலம் உடையவர், கொடை மனம் படைத்தவர், அதே சமயம் மூர்க்கமான கோபம் உடையவர், மனைவிக்கு உண்மையாக நடவாதவரும்கூட. கோபம் கொதிக்கும்போது அந்த அம்மாள் செயலாலும் சொல்லாலும் எதிர்க்காமல் இருந்து, அது தணிந்து கணவர் நிதானப்பட்ட பிறகு, தாம் செய்ததற்கான காரணத்தை எடுத்துச் சொல்வார் என்று மகன் எழுதுகிறார். கணவர் அடித்த தழும்புகளை முகத்தில் சுமந்த அண்டைவீட்டுப் பெண்கள், இவ்வளவு கோபக்காரருடைய வீட்டில் ஒருநாளும் அடி விழுந்ததில்லையே என்று வியந்தார்களாம். இந்த இடத்தை எடுத்துக் காட்டி, அடிபடும் பெண்களுக்குப் பொறுமையைப் போதிப்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது பெரும் அநியாயம் என்று நான் கருதுகிறேன். ஒரு பெண்ணின் சாதுரியத்தால் ஒரு வீட்டில் தடுக்கப்பட்ட கொடுமை, மற்ற வீடுகளில் தடுக்கப்படாமற்போனதற்கு அப்பெண்களின் பொறுமைக் குறைவா காரணம்? குற்றம் ஓங்கிய கையினுடையது. அவ்வாறு துன்புறும் ஒருத்தியை அக்கொடுமையினின்று விடுவிப்பதே அவளிடம் காட்டத்தக்க காருண்யம். மோனிக்கம்மாளிடம் நாம் கற்க வேண்டியது வேறு: கோபத்தில் இருக்கும் மனிதனையும் அவனுடைய கோபத்தையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை. 371ஆம் ஆண்டளவில் இறப்பதற்குச் சிறிது முன்பு பத்ரீசியுஸ் ஞானஸ்நானம் பெற்றார்.

மாமியாருடைய வரலாறும் உண்டு. வேலைக்காரிகள் ஓதிய கோள் சொற்களால் மருமகள்மேல் மாமியாருக்கு முதலில் மனஸ்தாபம் உண்டாயிற்று. மருமகள் பதிலுக்குக் குற்றம் சாட்டாமல் மரியாதையும் சாந்தமுமாக நடந்துகொண்டே வந்ததைக் கண்ட மாமியார், உண்மையை உணர்ந்து, கோள் சொன்னவர்களைத் தாமே மகனிடம் காட்டிக் கொடுத்தார். பத்ரீசியுஸ் அவர்களைக் கசையால் அடித்தார். அதன்பின் மாமியும் மருமகளும் இனிது வாழ்ந்தார்கள். அந்த அடிமைப் பெண்களின் முதுகு எண்ணத்துக்கு வராமல் இக்கதையை என்னால் படிக்க முடிவதில்லை. அகுஸ்தீனார் அதைப் பெரிதுபடுத்தாமல் கடந்து செல்கிறார். வீட்டார் என்ற வட்டத்துக்குள் அடிமைகளைச் சேர்த்து எண்ணாத காலம் அது.

ஆனால் அதையடுத்து அவர் சொல்லும் ஒரு குணம் எந்தக் காலத்துக்கும் உரியது. மனம் முறிந்த இருவரில் ஒருத்தி வந்து, அங்கில்லாத மற்றவளைப் பற்றி, செரிக்காத பகையையெல்லாம் கசப்பாகக் கொட்டும்போது, மோனிக்கம்மாள் பொறுமையுடன் கேட்டுக்கொள்வார், மற்றவளும் வந்து தன் பங்குக்குக் கொட்டுவாள், அதையும் கேட்டுக்கொள்வார். இருவரையும் சேர்த்துவைக்க உதவும் சொல் எதுவோ அதை மட்டுமே ஒருத்தியிடமிருந்து மற்றவளிடம் கொண்டு செல்வார். மற்றவை அவரோடு நின்றுவிடும். இது அற்ப குணமென்று தமக்கும் தோன்றியிருக்கும் என்றும், பகைத்தவர்கள் சொன்னதைச் சொல்வதோடு நில்லாமல் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லும் எண்ணிறந்த மனிதர்களைக் கண்ட துயரத்தாலேயே இதன் அருமையை அறிந்ததாகவும் மகன் எழுதுகிறார். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அவர் சொல்வதை உடனே கண்டுகொள்வார்கள். அண்ணன் தம்பி பிரிவினைகளும், பத்து வருஷம் பேச்சில்லாத அக்காள் தங்கையரின் மனத்தாங்கல்களும், பெரும்பாலும் நிலத்தினாலோ நகையினாலோ மட்டும் உண்டானவை அல்ல. 'உன்னைப் பற்றி அவள் என்ன சொன்னாள் தெரியுமா' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எங்கோ நடுவில் இருந்திருக்கும். அவ்வாக்கியத்தை விழுங்கிவிடுவது தவத்துக்கு ஒப்பானது. அதை யாரும் பாராட்டப் போவதில்லை. விழுங்கப்பட்ட சொல்லை அறிந்தவர் விழுங்கியவர் ஒருவரே.

கணவரிடமும் மாமியாரிடமும் இவ்வளவு நிதானமாக இருந்த அம்மாளுக்கு, மகனிடத்தில் மட்டும் அந்த நிதானம் எளிதில் கைவரவில்லை. 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீன், கல்வியின் பொருட்டுக் கார்த்தேஜ் நகருக்குச் சென்று, மணச்சடங்கு இல்லாமல் ஒரு பெண்ணோடு குடித்தனம் செய்து, அதெயோதாத்துஸ் என்ற ஆண்மகவுக்கும் தந்தையானார்; பத்தொன்பதாம் வயதில், ஒளிக்கும் இருளுக்கும் நித்திய யுத்தம் என்று போதித்த மானி என்பவரின் மதத்தில் சேர்ந்து, ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அதில் இருந்தார். சொந்த ஊருக்குத் திரும்பி வந்த மகனோடு ஒரே வீட்டில் இருந்து ஒரே பந்தியில் உண்ணத் தாய் சம்மதிக்கவில்லை. பிறகு அவருக்கு ஒரு சொப்பனம் உண்டாயிற்று: மரத்தாலான ஓர் அளவுகோலின்மேல் அவர் துயருடன் நிற்க, ஒளி பொருந்திய வாலிபன் ஒருவன் வந்து, நீ நிற்கும் இடத்திலேயே அவனும் நிற்பதைப் பார் என்று தேற்றினான், திரும்பிப் பார்த்தால் மகன் அதே கோலின்மேல் நின்றுகொண்டிருந்தார். அதன்பின் மகனை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். மகனுடைய கொள்கையில் ஒரு மாற்றமும் உண்டாகவில்லை. தாய் தம் நம்பிக்கையில் எள்ளளவும் தளரவில்லை. ஆயினும் சோறு ஒரே பந்தியில் பரிமாறப்பட்டது. பிள்ளைகள் வேறு வழியில் போனதற்காகக் கதவை அடைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் அந்தப் பந்தியைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

அப்படியும் அவருக்கு ஆறுதல் இல்லை. ஒரு மேற்றிராணியாரிடம் சென்று, என் மகனோடு வாதிட்டு அவனைத் திருத்துங்கள் என்று மன்றாடினார். அந்தப் பெரியவர் சிறுவயதில் தாமே மானி மதத்தில் வளர்ந்து, அதன் நூல்களைப் பிரதி எடுத்து, எவரும் வாதிடாமலே அதைவிட்டு வெளிவந்தவர். ஆகவே, அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காகப் பிரார்த்தனை செய்யும் என்று மறுத்தார். அம்மாள் அழுதுகொண்டே மேலும் வற்புறுத்தவே, சற்றுச் சலிப்போடு, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த மகன் கெட்டுப்போக மாட்டான் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வார்த்தை அன்று முதல் கிறிஸ்துவ உலகெங்கும் தாய்மார்களுக்கு ஊன்றுகோலாயிற்று. அவனை விட்டுவிடும் என்று அவரே முதலில் சொன்ன புத்திமதியை ஏனோ அவ்வளவாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

மோனிக்கம்மாளாலும் விட முடியவில்லை. 383இல் மகன் ரோமாபுரிக்குப் புறப்பட்டபோது கார்த்தேஜ் துறைமுகம் வரை பின்தொடர்ந்து, ஒன்று திரும்பி வா, இல்லையேல் என்னையும் அழைத்துப் போ என்று பற்றிக்கொண்டார். காற்றுக்காகக் காத்திருக்கும் சிநேகிதன் ஒருவனை வழியனுப்ப வேண்டும் என்று மகன் பொய் சொல்லி, வேதசாட்சி சிப்பிரியானுடைய ஆலயத்தில் தாயை இரவு தங்கச் செய்துவிட்டு, அவர் பிரார்த்தனையில் இருக்கையில் கப்பலேறிவிட்டார். விடிந்தபின் தாய் கரையில் நின்று புலம்பியதை எழுதும்போது, தம் பொய்க்காக அகுஸ்தீனார் வெட்கப்படுகிறார். அதோடு, தாயினுடைய அந்த ஏக்கத்தில் சரீர சம்பந்தமான பற்று மிகுந்திருந்ததென்றும், அத்துயரத்தின் வாயிலாகவே தேவன் அதைச் சுத்திகரித்தாரென்றும் சொல்கிறார். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதுவதற்கு மிகுந்த அன்பும் மிகுந்த உண்மையும் வேண்டும்.

பிறகு மோனிக்கம்மாளும் கடல் கடந்து, அதற்குள் மிலான் நகருக்குப் போயிருந்த மகனைச் சேர்ந்தார். புயலில் மாலுமிகளுக்கே அவர் தைரியம் சொன்னாராம். மானி மதத்தை விட்டுவிட்டேன், ஆனால் இன்னும் கிறிஸ்துவனாகவில்லை என்று மகன் சொன்னபோது, அவர் ஆரவாரமாக மகிழவில்லை. மீதியும் நடக்கும் என்று அமைதியாகச் சொன்னார். கார்த்தேஜ் கரையில் கதறிய அதே அம்மாள்தான் இப்படிப் பேசினார். ஆப்பிரிக்காவில் வழக்கமாகச் செய்ததுபோல் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சரசமும் கொண்டுபோனபோது, மேற்றிராணியார் அம்புரோசியாரின் ஆக்ஞை என்று வாயிற்காவலன் தடுக்க, ஒரு முணுமுணுப்புமின்றி அவ்வழக்கத்தைக் கைவிட்டார்.

ஆனால் அங்கேயும் ஒரு தவறு நேர்ந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. மகனுக்கு முறையான விவாகம் செய்துவைத்துவிட வேண்டுமென்ற ஆவலில், இன்னும் இரண்டாண்டுகள் கழிந்தே மணவயதை அடைய வேண்டிய ஒரு சிறுமியை நிச்சயம் செய்வதற்குத் தாயே முன்னின்று பாடுபட்டார். அதற்குத் தடையாக இருந்தவள் என்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உண்மையாக உடன் வாழ்ந்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். வேறொரு புருஷனை அறிவதில்லை என்று அவள் விரதம் பூண்டு, மகனையும் அகுஸ்தீனாரிடமே விட்டுச் சென்றாள். தம் இருதயம் கிழிந்து இரத்தம் ஒழுகியதாக அகுஸ்தீனார் எழுதுகிறார். அப்படி எழுதியவரே, நிச்சயித்த பெண்ணுக்குக் காத்திராமல் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும் ஒப்புக்கொள்கிறார். அந்த முதற்பெண்ணின் பெயரை நூலில் எங்கும் காணோம். மகனுக்காக அத்தனை இரவுகள் அழுத கண்கள், பேரனைப் பெற்றெடுத்தவளுக்காக ஒரு துளி சிந்தியதாகவும் அங்கே எழுதப்படவில்லை. நம்முடையவர்களுக்காக நாம் படும் கவலை, வேறொருவருடைய பெண்ணை மிதித்துச் செல்லும் அளவுக்கு நம் கண்ணை மறைக்கக்கூடும் என்பதற்கு, அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரத்திலேயே இப்படியொரு சாட்சி இருக்கிறது.

386ஆம் ஆண்டு மிலான் தோட்டமொன்றில் அகுஸ்தீனாரின் மனம் முற்றிலும் திரும்பியது. அந்த விவாகமும் நின்றுபோயிற்று. 387ஆம் ஆண்டுப் பாஸ்கு இரவில் மகனும் பேரனும் அம்புரோசியாரின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியாத் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, ஒரு பலகணியில் சாய்ந்துகொண்டு தாயும் மகனும் நித்திய வாழ்வைப் பற்றி நிகழ்த்திய சம்பாஷணை கிறிஸ்துவ ஞான இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்று. சில நாட்களில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. கணவருக்குப் பக்கத்தில் தமக்கென்று இடம் தயார் செய்து வைத்து, அதில் அடக்கம் பெற வேண்டுமென்று வெகுகாலம் கவலைப்பட்டவர் அவர். ஆகையால் மற்றொரு மகன் நவீஜியுஸ், தாய் அந்நிய மண்ணில் இறக்காமல் சொந்த ஊரில் இறப்பதே நன்று என்று சொன்னார். அந்த அம்மாள் அவரைக் கண்டிப்பாக நோக்கி, உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், தேவ பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கரையில் மகனைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்ற கைகள், நான்கே ஆண்டுகளில் சொந்தக் கல்லறையைக்கூட விட்டுவிடக் கற்றுக்கொண்டிருந்தன. ஒன்பதாம் நாளில், ஐம்பத்தாறாம் வயதில், காலமானார்.

அழுவது விசுவாசத்துக்குக் குறைவென்று அடக்கிக்கொண்டிருந்த அகுஸ்தீனார், பின்னர்த் தனிமையில் சிறிது நேரம் மனம்விட்டு அழுததையும், அதற்காக யாரும் தம்மை ஏளனம் செய்ய வேண்டாமென்பதையும் எழுதி, அதன்பின் தாயினுடைய பாவங்களுக்காகவும் மன்னிப்பு வேண்டுகிறார். புகழ்ந்து முடித்த கையோடு மன்னிப்புக் கேட்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. தாயைக் குற்றமற்ற தெய்வமாக்கிவிடாமல், இரக்கம் தேவைப்படும் ஓர் ஆத்துமாவாகவே தேவனிடம் ஒப்படைக்கிறார். நூல் முழுவதிலும் தாயின் பெயரை அவர் ஒரே முறை எழுதுவதும் இவ்விடத்தில்தான். அங்கே மோனிக்காவுக்கு அருகிலேயே பத்ரீசியுஸ் என்ற பெயரும் வருகிறது. தந்தையைப் பற்றி அந்நூலில் அன்போடு எழுதிய வரிகள் மிகக் குறைவு. இருந்தும், இதைப் படிக்கிறவர்கள் இவ்விருவரையும், இவ்வுலகில் தமக்குப் பெற்றோராகவும் பரலோகப் பிதாவின்கீழ் தமக்கு உடன்பிறந்தாராகவும் இருந்தவர்களாகப் பீடத்தின்முன் நினைவுகூர வேண்டுமென்று கேட்டு, கோபக்காரரான தம் தகப்பனாரையும் தாயோடு சேர்த்தே அவ்விண்ணப்பத்தில் வைத்துவிடுகிறார்.