கதவு திறந்திருக்குமா?

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தில் வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாகக் கொண்ட தோல் பதனிடும் ஆலைகள் உண்டு. அங்கு உழைக்கும் ஒருவர், தம் பிள்ளைகளுக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைக் காட்ட விரும்பினால் அவருக்கு வாய்க்கும் நாள் வெள்ளி. விடியுமுன் ஜோலார்பேட்டையில் இரயிலேறி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அவர் காணப்போவது பூட்டிய வாயிலையே. 1851-இல் நிறுவப்பட்ட அவ்வருங்காட்சியகத்துக்கும் வெள்ளியன்றே விடுமுறை! நான்கு பேருக்கான இரயில் கட்டணமும், ஓய்வுக்கென்று கிடைத்த ஒரே நாளும் வீண். பயணம் புறப்படுமுன் நம்மிடம் யோசனை கேட்கும் அன்பர்கள் பேருந்து நேரத்தை விசாரிக்கிறார்கள், இதனை விசாரிப்பதில்லை.

எல்லா ஊருக்கும் ஒரே விதி என்று எண்ணுவதற்கும் இல்லை. ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகம் வெள்ளியன்று மூடும். தில்லி தேசிய அருங்காட்சியகம் திங்களன்று. பாரிசின் லூவர் செவ்வாயன்று. உரோமைக்குத் திருப்பயணம் செல்வோர் ஞாயிறு நண்பகலில் திருத்தந்தையோடு மூவேளைச் செபம் சொல்லிவிட்டு அருகிலுள்ள வத்திக்கான் அருங்காட்சியகங்களையும் பார்க்கலாம் எனத் திட்டமிடுவதுண்டு. அவை ஞாயிறன்று திறப்பதில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் பெரும்பாலும் விலக்கு. அன்று கட்டணமில்லை, ஆனால் பகல் 12.30-க்கு மேல் உள்ளே விடுவதில்லை.

அச்சிட்ட வழிகாட்டி நூலை எத்தனை ஆண்டு நம்பலாம்? கோவாவின் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் 1994-இல் இராச்சோல் குருமடத்தில் தொடங்கப்பெற்று, 2002-இல் பழைய கோவாவிலுள்ள புனித மோனிக்கா கன்னியர் மடத்துக்கு மாறியது. பின்னர் புதுப்பிக்கும் பணிக்காகச் சில ஆண்டுகள் மூடப்பட்டு, 2022-இல் மீண்டும் திறந்தது. பழைய நூலைக் கையில் வைத்திருப்பவர் இராச்சோலில் இறங்கி நிற்பார். எழும்பூர் வளாகத்துத் தேசியக் கலைக்கூடமும் பழுதுற்றுப் பல்லாண்டுகள் மூடிக்கிடந்ததே. அதற்கு முன் அச்சான நூல்கள் அதனைத் திறந்த கூடமாகவே காட்டும்.

நிலையான கூடங்களின் கதி இதுவாயின், சில வாரங்களுக்கென நடைபெறும் கண்காட்சிகளைப் பற்றிக் கூற வேண்டுமோ! 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறிக் கலைவிழா, 2022 டிசம்பர் 12-இல் திறக்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. முந்தின நாள்தான் முக்கிய அரங்குகளின் திறப்பு 23-ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பொருள்கள் வந்துசேரத் தாமதம், மழை என்று காரணங்கள் கூறினர். பல நாடுகளிலிருந்து வந்தோர் அதற்குள் கொச்சியில் இருந்தனர். இத்தகைய கண்காட்சிக்கு முதல் வாரத்தில் செல்லாதிருப்பதே நலம் என்பது நம் கருத்து.

பின் யாரைக் கேட்பது? பயண முகவரும், கைப்பேசி வரைபடமும், நாளேடும் பெரும்பாலும் பிறர் சொன்னதையே சொல்கின்றன. அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தையே தேடுக. சீட்டு விற்கும் இடைத்தரகர்கள் அதனைப் போன்றே தோற்றமுள்ள தளங்களை வைத்திருப்பதால், முகவரியை ஓர் எழுத்தும் விடாமல் படித்துப் பார்த்தல் வேண்டும். அதன்பின் தொலைபேசியில் அழைத்து, "நாளை திறந்திருக்குமா?" என்பதோடு நிறுத்தாமல், காண விரும்பும் பொருளின் பெயரைச் சொல்லி, "அது இப்போது காட்சியில் இருக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். சிலைகளும் ஓவியங்களும் செப்பனிடவும் வெளியூர்க் கண்காட்சிகளுக்கும் எடுத்துச் செல்லப்படுவதுண்டு. கட்டடம் திறந்திருக்கும், பீடம் வெறுமையாயிருக்கும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் நம் ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவரைப் பேசச் செய்யலாம். எழும்பூருக்காயின் தமிழே போதும்.