ஓய்வுக்கு முன் மனசை அளந்தவர்கள்

"அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் ஆச்சே, எப்படி இருக்கு?" என்று அலுவலகத்தில் யாராவது கேட்டால், "நிம்மதிதான்" என்று சொல்லிவிடுகிறவர் உண்டு. அவரிடமே கையில் வரப்போகும் பணத்தைப் பற்றிக் கேட்டால் குரல் மாறும். நாள் முழுக்க வீட்டில் என்ன செய்வீர்கள் என்றால் வேறொரு பதில் வரும். மூன்றும் பொய்யில்லை. ஓய்வை நெருங்குபவர்களின் மனநிலையை அளப்பவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல்.

மனப்பான்மையை எண்ணால் அளக்க எளிய வழி ஒன்றை 1932-இல் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, "முழுமையாக ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை 5 படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அவருடைய முறை. "ஓய்வு பெற்றால் பிடித்ததைச் செய்ய நேரம் கிடைக்கும்" என்பதை முழுமையாக ஏற்பவருக்கு 5 மதிப்பெண். "வேலை போனால் மதிப்பும் போய்விடும்" என்பதை முழுமையாக ஏற்பவருக்கு 1 மட்டுமே. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவர்கள் இருப்பதால் இப்படி நேரும் எதிருமாக வாக்கியங்களைக் கலந்து வைப்பார்கள். ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பணத்துக்கு அஞ்சுகிறவரும் தனிமைக்கு அஞ்சுகிறவரும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். அதனால் வருமானம், உடல்நலம், குடும்பம், வேலைப்பற்று என்று பிரித்துப் பார்ப்பதே சரி.

ஒருமுறை கேட்டாலும் போதாது. கார்னெல் பல்கலைக்கழகம் 1952-இல் தொடங்கிய ஆய்வு, ஊழியர்களை வேலையில் இருக்கும்போதே கேட்டது. ஓய்வுக்குப் பிறகும் அதே ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்டது. கார்டன் ஸ்ட்ரீப், கிளெமென்ட் ஷ்னைடர் இருவரும் 1971-இல் அதை நூலாக்கினார்கள். வருமானம் குறைந்தது உண்மைதான். ஆனால் வேலையை விட்டதாலேயே உடம்பு கெட்டுவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஓய்வைப் பற்றி முன்கூட்டிப் பயந்த அளவுக்குப் பிறகு பலர் அவதிப்படவும் இல்லை. இன்றைய 58 வயதுக்காரரையும் வேறொரு 65 வயதுக்காரரையும் ஒப்பிட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992 முதல் நடத்திவரும் 'உடல்நலம் மற்றும் ஓய்வு ஆய்வு' இன்னும் நுணுக்கமானது. 51 முதல் 61 வயது வரையிலானவர்களையும் அவர்களின் துணைவர்களையும் சேர்த்து 12,000-க்கும் மேற்பட்டோரிடம் தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறார்கள். ஓய்வை ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா, கலக்கமாக இருக்கிறதா என்ற கேள்வியோடு நிற்பதில்லை. 62 வயதுக்குப் பிறகும் முழுநேர வேலையில் இருக்க எத்தனை வாய்ப்பு என்று 0 முதல் 100-க்குள் சொல்லச் சொல்கிறார்கள். அமெரிக்க அரசின் ஓய்வூதியத்தைக் குறைந்த தொகையிலாவது பெறத் தொடங்கும் வயது 62. இத்தகைய கேள்விகளுக்கு 50 என்று சொல்பவர்கள் ஏராளம். பாதிக்குப் பாதி என்று கணித்தவரும், ஒன்றும் புரியாமல் நடுவில் நின்றவரும் அதில் அடக்கம். இருவரையும் பிரித்தறியச் சில கேள்விகளில் துணைக்கேள்வி சேர்க்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் மும்பையிலுள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்தும் முதுமை ஆய்வு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2017-18-இல் நடந்த முதல் சுற்றில் 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள்.

இங்கே ஓய்வுத் தேதியே நகரக்கூடியது. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-இலிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 என அறிவிக்கப்பட்டது. "இன்னும் ஒரு வருஷம்" என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு அது மூன்று வருஷமாயிற்று. சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு அலுப்பு. எந்த மாதத்தில் கேட்டார்கள் என்று பார்க்காமல் அந்தப் பதில்களுக்குப் பொருள் சொல்ல முடியாது.

விவசாயக் கூலித் தொழிலாளிக்கோ நகரக்கூடிய தேதிகூடக் கிடையாது. பென்ஷனையும் பிரிவு உபசார விழாவையும் மனதில் வைத்து எழுதிய கேள்வித்தாளை அவரிடம் நீட்டிப் பயனில்லை. எத்தனை நாளைக்கு நடவுக்குக் கூப்பிடுவார்கள், கூப்பிடுவது நின்றபின் யார் சோறு போடுவார்கள் என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும்.