சால் பிறழாத லாக்ஸ்டன்

"ரெண்டு பர்லாங் நடந்தா ஊர் வந்துடும்" என்று வழி சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அந்தப் பர்லாங் ஏர்முனையில் பிறந்த சொல். சால் நீளம் என்பதுதான் அதன் பொருள். எருதுகளைத் திருப்பாமல் ஒரே ஓட்டமாக உழும் தூரத்தை 220 கெஜம் என்று இங்கிலாந்து உழவர்கள் வகுத்தார்கள். அந்த நீளத்துக்கு 22 கெஜம் அகலம் உழுதால் ஒரு ஏக்கர். ஒரு நாள் உழவு என்று கணக்கு. கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் அதே 22 கெஜம்தான்.

இப்படிப் பட்டை பட்டையாகப் பிரித்து உழுத பழைய முறையும், அதைக் காக்கும் ஊர் நீதிமன்றமும் சேர்ந்தே பிழைத்திருக்கும் ஊர், நாட்டிங்காம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன்.

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். உள்ளே வேலி கிடையாது. நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் கிடைக்கும்படி, ஒவ்வொரு விவசாயியின் பட்டைகளும் மூன்றிலும் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை என்றால் அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதற்கு ஓய்வு. மறு வருஷம் முறை மாறும். தனி ஒருவர் இஷ்டத்துக்கு விதைக்க முடியாது.

1635இல் மார்க் பியர்ஸ் இந்த நிலத்தை அளந்து வரைந்த படம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. பட்டைகளோடு, உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் குட்டிக் குட்டியாக அதில் வரைந்திருக்கிறார். யாரிடம் எவ்வளவு நிலம் என்று சொல்லும் ஆவணங்கள் ஏராளம்; அந்த நிலத்தில் வேலை செய்தவர்களையும் காட்டுவதால் இது தனி மதிப்புடையது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் ஆயிரக்கணக்கில் வந்து, பொது வயல்களை வேலியிட்டுத் தனியார் சொத்தாக்கின. மேய்ச்சல் உரிமை போன ஏழைகள் கூலிக்காரர்களானார்கள். லாக்ஸ்டன் அதற்குத் தப்பியது. அங்கே நிலம் வைத்திருந்த பிரபுக்கள் ஒத்துப்போகாததும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள்.

பிறகும் நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. 1952இல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து விவசாய அமைச்சகம் வாங்கியது. 1981இல் அரச சொத்து நிர்வாகத்துக்குப் போனது. 2020இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி பண்ணையே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதற்கிடையே 1977இல் ஒரு சட்டம், லாக்ஸ்டனில் இருப்பதுபோன்ற பழைய ஊர் நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பறித்தபோது லாக்ஸ்டனுக்கு விலக்குக் கிடைத்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் மூன்று வயல்களும் வெறும் காட்சிப் பொருளாகியிருக்கும்.

குளிர்கால விதைப்பு முடிந்ததும், நவம்பர் கடைசி வாக்கில் ஊர் நீதிமன்றத்தின் ஜூரிகள் வயலில் இறங்குவார்கள். எல்லாரும் உள்ளூர் விவசாயிகள். சுத்தியலும் மரமுளைகளும் கையில் இருக்கும். பட்டைக்கும் பட்டைக்கும் எல்லை எங்கே என்று பார்த்து முளை அடிப்பார்கள். வண்டிப்பாதைக்குள்ளோ, 'சைக்' என்கிற உழாத புல்வெளிக்குள்ளோ யாருடைய கலப்பையாவது நுழைந்திருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் டவ்கோட் மதுக்கடையில் கூடும் நீதிமன்றத்தில் அவருக்கு அபராதம். தொகை சிறிது. ஆனால் விதிப்பவர்கள், மறுநாள் காலையில் பக்கத்துப் பட்டையில் முகம் பார்க்க வேண்டியவர்கள்.