நமக்கேற்ற முதல் கணிப்பொறி நூல்

அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பயில விரும்பும் நாம், விடுமுறையில் நிரல் எழுதிப் பழக எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது?

புகழ்பெற்ற நூலெல்லாம் தொடக்க நூல் அன்று. கெர்னிகன், ரிட்சி இருவரும் 1978-ல் வெளியிட்ட 'சி' மொழி நூல் உலகப் புகழ் பெற்றது. ஆயினும், நிரலாக்கம் ஓரளவு அறிந்தோர்க்கே அது உரியதென முன்னுரையிலேயே கூறியுள்ளனர். ஆகவே முதலில் முன்னுரையைப் படிப்போம்.

அடுத்து, வெளியான ஆண்டைப் பார்ப்போம். பைத்தான் மொழியின் 3-ஆம் பதிப்பு 2008-ல் வந்தது. அதற்கு முந்திய நூல்களில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி இராது. அதை இன்று அப்படியே தட்டச்சு செய்தால் பிழை என்றே வரும். நாமோ, "நமக்கு இது வராது" என்று மனம் சோர்ந்துவிடுவோம்! குற்றம் நம்முடையதன்று, நூல் பழையது.

மூன்றாவது, மொழி. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த ஹென்றிக்ஸ் அடிகளார், 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூலைத் தமிழிலேயே அச்சிட்டார். புதியதைக் கற்கத் தாய்மொழியே எளிய வழி. 2019-ல் வெளியான நம் அரசின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பைத்தான் தமிழிலும் உண்டு.

சிப்பியைத் திறவாமல் முத்தைக் காண இயலாது. நூலை வாங்கினால் போதாது. பயிற்சிகளைச் செய்து பார்ப்போம், வெற்றி பெறுவோம்!