கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரில் புதிய கேம்கள் ஓட வேண்டுமா? கார்டின் விலையை விசாரிக்கும் முன் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றுங்கள்.

நான் சாஃப்ட்வேர் எழுதுபவன். ஆனாலும் பாவூர்சத்திரத்தில் உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் மெக்கானிக்! சித்தி மகன், காய்கறி மார்க்கெட் கமிஷன் கடையில் கணக்கு எழுதிச் சேர்த்த 8,000 ரூபாயில், பழைய ரேடியான் ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றுக்கு விலை பேசி வைத்திருந்தான். அவனுடையது 2011-ல் வெளிவந்த கோர் ஐ5 2400 பிராசஸர். "எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்ஸ்னு போட்டிருக்கே, போதாதாண்ணே?" என்றான்.

லேபிளில் 12 வோல்ட் என்ற இடத்தைப் படிக்கச் சொன்னேன். 18 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 216 வாட்ஸ்தான்! பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. ஆர்எக்ஸ் 580-க்கு மட்டுமே 185 வாட்ஸ் வேண்டும், பிராசஸருக்கு 95. கேம் நடுவே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். மட்டமான எஸ்எம்பிஎஸ் என்றால் மதர்போர்டும் சேர்ந்து போகலாம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட்ஸ் வரை தரும். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி பவர் கேபிள் தேவையில்லை. ஜிடிஎக்ஸ் 1650 அப்படிப்பட்டது (சில மாடல்களில் 6 பின் கனெக்டர் இருக்கும், கவனியுங்கள்). ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் 75 வாட்ஸ்தான். ஆனால் புதிய கேம்களுக்கான டிரைவர்களை அதற்குத் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது.

தம்பி 1650-ஐயே வாங்கினான். பழைய கார்டு என்பதால், பணம் கொடுக்கும் முன் விற்பவர் எதிரிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்தோம்.