மறைந்திருக்கும் கால்வாய்

பாரிசுக்கு வரும் உறவினர்களை நாம் வெர்சாய்க்குத்தான் கூட்டிச் செல்கிறோம். வெர்சாய்க்கு முன்மாதிரியாக அமைந்த மாளிகை, பாரிசிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், மெலன் நகருக்கு அருகே இருக்கிறது. வோ லு விகோந்த் என்பது அதன் பெயர். மூன்று தடவைகள் அங்கு சென்றிருக்கிறேன்.

14ஆம் லூயியின் நிதிப் பொறுப்பாளர் நிக்கொலா ஃபூக்கே அதனைக் கட்டுவித்தவர். கட்டடக் கலைஞர் லு வோ, ஓவியர் லு புரூன், தோட்டக் கலைஞர் லு நோத்ர் ஆகிய மூவரும் மாளிகையையும் தோட்டத்தையும் ஒரே திட்டமாக வகுத்தார்கள். மாளிகையைச் சுற்றியுள்ள அகழி காவலுக்கானதல்ல, அழகுக்கானது. குவிமாடத்தின் கீழுள்ள நீள்வட்ட மண்டபம் தோட்டத்தை நோக்கித் திறக்கிறது. அங்கு நின்றால் தோட்டம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றும்.

அது லு நோத்ர் செய்த கண்கட்டு. தொலைவிலுள்ள தடாகங்களைப் பெரிதாக அமைத்துத் தூரத்தைக் குறுக்கிக் காட்டுகிறார். ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான குறுக்குக் கால்வாய் நிலச்சரிவில் மறைந்திருக்கிறது. விளிம்புக்கு வந்த பிறகே அது கண்ணில் படுகிறது. தடாகத்தை ஒட்டி நிற்பதுபோல் தெரிந்த குகைச்சுவர், உண்மையில் கால்வாயின் மறுகரையில் இருக்கிறது.

ஃபூக்கேயின் கதையும் இப்படித்தான். 1661 ஆகஸ்ட் 17இல் மன்னனுக்கு அங்கே விருந்தளித்தார். மொலியேரின் புதிய நாடகம் தோட்டத்தில் அரங்கேறியது. மூன்று வாரங்களுக்குள், செப்டெம்பர் 5இல், கைதானார். விருந்தின் ஆடம்பரம் மூட்டிய பொறாமையே காரணம் என்பார்கள். ஆனால் கைது முடிவு விருந்துக்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது. பின்னால் நின்று இயக்கியவர் அவருடைய போட்டியாளர் கொல்பேர்.

மூவரும் வெர்சாயில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். வோவின் தோடை மரங்களும் மன்னனிடம் போய்ச் சேர்ந்தன.

ஃபூக்கேயைத் தியாகியாக்க நான் விரும்பவில்லை. அரச பணத்தையும் தன் பணத்தையும் அவர் கலந்துதான் வைத்திருந்தார். ஆனால் அவரைவிடப் பெருஞ்செல்வம் சேர்த்த முதலமைச்சர் மசரன் குற்றம் சாட்டப்படாமலே 1661 மார்ச்சில் இறந்தார். அப்படியானால் விசாரிக்கப்பட்டது ஊழல்தானா?

1664 டிசெம்பரில் 22 நீதிபதிகளில் 9 பேர் மரணதண்டனை கோரினர். 13 பேர் நாடுகடத்தலே போதும் என்றனர். தண்டனையைக் குறைப்பதற்கென இருந்த அதிகாரத்தை மன்னன் கூட்டுவதற்குப் பயன்படுத்தி, அதை ஆயுட்சிறையாக்கினான். அரச இரகசியங்களை அறிந்தவரை எல்லைக்கு வெளியே விட அவன் தயாராக இல்லை. 1680இல் பினெரோல் கோட்டைச் சிறையில் ஃபூக்கே இறந்தார்.

நாடிழந்ததை நாம் இழப்பாகவே எழுதிவருகிறோம். இழப்புத்தான். ஆனால் எல்லைக்கு வெளியே இருப்பவன் பேசுவான் என்ற பயம் அதிகாரத்துக்கு உண்டு. பேசாதிருந்தால், அந்தப் பயத்துக்குக்கூட நாம் தகுதியற்றவர்களாகிவிடுவோம்.