வெயிலும் களைக்கொல்லியும்: கடை வைத்திருப்போர் கவனத்திற்கு

டெல்டா மாவட்டங்களில் மளிகைக் கடைக்கும் உரக் கடைக்கும் நடுவே பல ஊர்களில் ஒரு சுவர்தான் இருக்கிறது என்பது நம் வணிகப் பெருமக்கள் அறிந்ததே. அண்ணன் மளிகை, தம்பி உரமும் மருந்தும் என்று ஒரே குடும்பம் இரண்டு கல்லாக்களைப் பார்ப்பதும் உண்டு. விவசாயி இரண்டு கடையிலும் பற்று வைக்கிறார். நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கைக்கு வந்த பிறகே பாக்கி தீர்கிறது. எனவே களைக்கொல்லி வேலை செய்யவில்லை என்றால் அது உரக் கடைக்காரரின் தலைவலி மட்டுமல்ல. புல் மண்டிய வயலின் கணக்கு மளிகைப் பேரேட்டிலும் பாக்கியாகவே நிற்கும். "மருந்து போலி" என்பார் விவசாயி. "நீங்கள் அடித்த விதம் சரியில்லை" என்போம் நாம். இந்த வழக்கில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர்தான் வெயில்.

சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் சில மருந்துகளின் மூலக்கூறுகளையே உடைத்துவிடுகிறது. சூடு சில மருந்துகளை ஆவியாக்குகிறது. ஈரமான மண்ணில் சூடு ஏறினால் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்படைந்து மருந்தை விரைவில் தின்று தீர்க்கின்றன. மண் காய்ந்து போனாலோ அவை சோர்ந்துவிடும், மருந்தின் மிச்சம் நீண்ட நாள் தங்கும். எந்த மருந்துக்கு எது நடக்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறுபடும்.

நடவு வயலுக்கு நாம் அதிகம் விற்ற பூட்டாகுளோரை எடுத்துக்கொள்வோம். நட்ட மூன்றாம் நாள், ஏக்கருக்கு 1 லிட்டர், 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, வயலில் மெல்லிய நீர்த் தகடு நிற்கும்போது தூவ வேண்டும், இரண்டு நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது என்பது பரிந்துரை. அந்தத் தண்ணீர்தான் மருந்தை மண்ணின் மேல் ஒரு போர்வையாகப் பரப்பி வைக்கிறது. வாய்மடை உடைந்து தண்ணீர் ஓடினால் மருந்தும் வாய்க்காலுக்குப் போகிறது. அது மீனுக்கு நஞ்சு. கோடைச் சூட்டில் தண்ணீரில் பிராண வாயுவும் குறைவு என்பதால் மீன்களுக்கு இரட்டைக் கேடு.

நிலக்கடலை, உளுந்து, காய்கறிக்குப் போகும் பெண்டிமெத்தலின் வேறு வகை. காய்ந்த மண்ணின் மேல் தெளித்துவிட்டுச் சும்மா விட்டால் ஒளியிலும் ஆவியிலும் ஒரு பகுதி வீணாகும். தெளித்த கையோடு ஈரம் கிடைத்தால் மண்ணுக்குள் இறங்கித் தங்கும். "தண்ணீர் எப்போது விடப் போகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விற்பது நமக்கும் நல்லது.

வரப்புப் புல்லைக் கருக்கும் பாராகுவாட்டுக்கு வெயில் எதிரியல்ல, கூட்டாளி. இலை வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும்போது ஓடும் மின்னணுக்களைப் பறித்து, இலையையே அரிக்கும் வேதிப் பொருளை அங்கேயே உண்டாக்குவதுதான் அதன் வேலை. உச்சி வெயிலில் அடித்தால் சில மணி நேரத்தில் இலை கருகும். விவசாயிக்கும் திருப்தி. ஆனால் மருந்து உள்ளே பரவுவதற்குள் மேல் இலை கருகிவிடுவதால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மாலையில் அடித்தால் இரவெல்லாம் ஊறி, மறுநாள் வெயிலில் நன்றாக வேலை செய்யும். இந்த மருந்து மனித உடலில் வாய்வழியே போனால் முறிமருந்து கிடையாது என்பதை நாம் யாருக்கும் மறந்துவிடாமல் சொல்ல வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் எங்கேனும் மிச்சமிருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். சீல் வைத்த, லேபிள் ஒட்டிய பொட்டலமாக அல்லாமல் எதையும் விற்கச் சட்டமும் இடம் தரவில்லை.

நண்பகலில் தெளிப்பவரின் நிலையையும் நினைக்க வேண்டும். வியர்த்து, தோலில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும்போது மருந்து தோல் வழியாக அதிகம் இறங்குகிறது. புழுக்கம் தாங்காமல் கையுறையையும் கழற்றிவிடுகிறார்கள். பிறகு அதே கையோடு நம் கடைக்கு வந்து பீடி வாங்குகிறார்கள். மருந்தோடு ஒரு சோப்புக் கட்டியையும் எடுத்து வையுங்கள், வியாபாரத்துக்கும் வியாபாரம்.

பக்கத்து வயல் பருத்தி

பெரிய சண்டைகளைக் கொண்டுவரக்கூடியது 2,4-டி. இது சோடியம் உப்பு, அமைன் உப்பு, எஸ்டர் என்று வெவ்வேறு வடிவில் வருகிறது. நெல்லில் அகன்ற இலைக் களைகளை அழிக்கும், நெல்லைத் தொடாது. ஆனால் எஸ்டர் வடிவம் சூட்டில் எளிதில் ஆவியாகும். தெளிக்கும்போது காற்றில் பறக்கும் துளிகள் ஒரு பக்கம். தெளித்து, காய்ந்து, விவசாயி வீட்டுக்குப் போன பிறகும் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவி எழுந்து பக்கத்து வயலுக்குப் போவது இன்னொரு பக்கம். இதைக் கண்ணால் பார்க்க முடியாது. தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் சம்பா, தாளடி அறுத்த வயல்களில் கோடைப் பருத்தி நிற்கும் மாதங்களே வெயில் கொளுத்தும் மாதங்கள். பருத்தி இந்த மருந்தின் மிகச் சிறு அளவைக்கூடத் தாங்காது. அகன்ற இலை குறுகி வெண்டை இலை போல விரல் விரலாகப் பிரிந்துவிடும், பூவும் சப்பையும் கொட்டும். கத்தரி, தக்காளியும் இப்படியே பாதிக்கப்படும்.

அமெரிக்காவில் இதே குணமுள்ள டைகாம்பா என்ற களைக்கொல்லி 2017ஆம் ஆண்டு கோடையில் பரவி, சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா மொச்சை பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அர்க்கன்சாஸ் மாநிலம் அந்த ஜூலையில் அதைத் தெளிக்கவும் விற்கவும் தடை விதித்தது. மினசோட்டா மாநிலம் மறு ஆண்டு, வெப்பம் 85 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் தெளிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது நம் கணக்கில் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. தஞ்சாவூரில் அந்த விதி இருந்தால் மே மாதத்தில் பட்டறையையே பூட்ட வேண்டியதுதான்! எனவே பருத்தி நிற்கும் பக்கத்துக்கு எஸ்டரைத் தவிர்த்து உப்பு வடிவத்தைக் கொடுப்பதும், காற்று அடங்கிய காலை வேளையைச் சொல்லி அனுப்புவதும் நம்மால் முடிந்தவை. 2,4-டி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தாலும் இதே கதைதான்.

கிடங்கில் நடப்பது

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதை நம்பி மே மாதத்திலேயே, கத்திரி வெயிலில், சரக்கெடுத்து அடுக்குகிறோம். 2024இல் போல அணை ஜூலை 28 அன்று திறந்தால் அந்தச் சரக்கு இன்னும் ஒன்றரை மாதம் தகரக் கூரையின் கீழ் கிடக்கும். பூச்சிமருந்து வகைகளின் தரத்தைச் சோதிக்க உலக அளவில் ஒரு முறை உண்டு. 54 டிகிரி செல்சியஸில் 14 நாள் வைத்துப் பார்ப்பார்கள். அதைத் தாங்கினால் சாதாரண இருப்பில் இரண்டாண்டு தாங்கும் என்பது கணிப்பு. அப்படியென்றால் தகரக் கொட்டகையில் ஒரு கோடை என்பது எத்தனை மாத இருப்புக்குச் சமம் என்று நாமே யோசிக்கலாம். லேபிளில் தேதி மிச்சமிருக்கும், உள்ளே சரக்கு மிச்சமிருக்காது. வாடிக்கையாளர் கண்ணில் படட்டும் என்று வாசல் வெயிலில் பாட்டில்களை அடுக்குவது அதைவிட மோசம்.

எண்ணெய்ப் பால்ம வகையைச் சோதிக்க எளிய வழி, ஒரு தம்ளர் தண்ணீரில் சில சொட்டு விட்டுப் பார்ப்பது. பால் போல் வெளுத்துக் கலந்தால் சரி. எண்ணெய் தனியே மிதந்தாலோ அடியில் படிந்தாலோ விற்காதீர்கள். தம்ளர் டீக்கடைத் தம்ளராக இருக்க வேண்டாம்.

சூடு எல்லாவற்றையும் வலுவிழக்கத்தான் செய்யும் என்று நினைப்பதும் தவறு. களைக்கொல்லிக்கு அருகிலேயே இருக்கும் மலத்தியானைப் பாருங்கள். சூட்டில் இருப்பு வைத்தால் அதில் ஐசோமலத்தியான் என்ற பொருள் உருவாகும். அது, மலத்தியானை முறிக்க நம் உடலில் உள்ள நொதியையே முடக்கிவிடும். 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்குத் தெளித்த சுமார் 7,500 தொழிலாளர்களில் 2,800 பேர் வரை நஞ்சால் பாதிக்கப்பட்டனர், ஐந்து பேர் இறந்தனர். சரக்கில் இந்தப் பொருள் கூடியிருந்ததே முக்கியக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

மளிகை வணிகர்களுக்கு இன்னும் அருகில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1958இல் கேரளத்தில், கப்பலில் வந்த கோதுமை மாவு, சர்க்கரையில் பாரத்தியான் கசிந்து கலந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்ததற்கு அந்தத் துயரமே தூண்டுகோல். மனிதரோ மாடோ உண்ணும் பொருள் இருக்கும் கட்டடத்தில் பூச்சிமருந்து, களைக்கொல்லி இருப்பு வைக்கக் கூடாது என்பது அதன் கீழ் வந்த விதி. கொசு மருந்து போன்ற வீட்டு உபயோகப் பொட்டலங்களுக்கு மட்டுமே தளர்வு. நடுவில் தட்டி மறைப்பு வைத்தால் போதாது. சூட்டில் எழும் ஆவிக்குத் தட்டி தெரியாது. 2,4-டி எஸ்டர் இருக்கும் அறையில் பருத்தி, காய்கறி விதைப் பொட்டலங்களையும் வைக்காதீர்கள், முளைப்பே கெட்டுவிடும்.

காற்றோட்டமுள்ள தனி அறை, ஓட்டுக் கூரை அல்லது தளம், தரையில் படாமல் பலகை, முதலில் வந்த சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்ற ஒழுங்கு. இவ்வளவுதான் செலவு. காலாவதியான சரக்கைத் தேதி கடந்த உடனே பிரித்து, 'விற்பனைக்கல்ல' என்று முத்திரையிட்டுத் தனியே வைக்க வேண்டும் என்பதும் விதியே. மொத்த வணிகர்களிடம் திருப்பிக் கொடுக்கும் பேச்சை ஏப்ரலிலேயே முடித்துக்கொண்டால், கத்திரிக்கு முன் கிடங்கில் இடமும் கிடைக்கும்.